பத்து ராத்தல்

அத்தியாயம் பதினொன்று

போன வாரம் வேங்கடபதியைக் கிணற்றடியில், உருண்டு கிடந்த குடத்துக்குப் பக்கத்தில் நிறுத்திவிட்டு நான் பாட்டுக்குக் கிளம்பிவிட்டேன். கோபித்துக்கொள்ளாதீர்கள். இன்று பொழுது சாயும்வரை அவனை விட்டு நகரப்போவதில்லை.

புதிதாக வந்து உட்கார்ந்தவர்களுக்கு இரண்டு வார்த்தை சொல்லிவிடுகிறேன். வேங்கடபதி அருப்புக்கோட்டையில் தறி நெய்கிறவன். வயது இருபத்தாறு. காலையும் மாலையும் தேகப்பயிற்சிசாலை, நடுவில் தறி. இருநூறு ராத்தல் இரும்பைத் தலைக்கு மேல் தூக்கி நிறுத்துவான். மதுரையில் ஒரு மில்லில் பளு தூக்குகிற கோஷ்டி வைத்திருக்கிறார்கள். அதில் ஓர் இடம் காலி. வருகிற ஞாயிற்றுக்கிழமை தேர்வு. தேறினால் மில்லிலேயே நிரந்தர வேலை. அந்த ஓர் இடத்துக்கு எட்டுப் பேர் போட்டி.

நூல் கிடைக்காமல் தெருவில் பாதித் தறி சும்மா கிடக்கிற இந்தக் காலத்தில் மில் வேலை என்றால் சும்மாவா? மாமனார் திம்மையாவின் தம்பி மகன் அந்த மில் ஆபீசில் இருக்கிறான். அவன்தான் இவன் பெயரை எழுதிக்கொண்டான்.

எல்லாம் சரி, கைதான் சரியில்லை. இரண்டு மாதமாக வலது முழங்கையின் வெளிப்பக்கம், எலும்பு முட்டுகிற இடத்தில் குத்துகிறது. அங்கே பிடித்து முன்கை வழியாக மணிக்கட்டு வரைக்கும் இழுக்கிறது. ஈர வேட்டியைப் பிழிய முடியவில்லை. பேனா பிடிக்க முடியவில்லை. தம்ளரைத் தூக்கினால் காப்பி தளும்புகிறது. இந்தச் சங்கதி அவனுக்கும், பயில்வான் நல்லமுத்து வாத்தியாருக்கும், ஆஸ்பத்திரி டாக்டருக்கும், நமக்கும் மட்டும்தான் தெரியும்.

குடம் உருண்டது புதன்கிழமை காலை ஐந்தரை மணிக்கு.

பித்தளைக் குடம் அது. அவன் அம்மா கங்கம்மாளே இடுப்பில் வைத்துக்கொண்டு விறுவிறுவென்று நடப்பாள். வேங்கடபதி கிணற்று மேடையிலிருந்து அதைத் தூக்கி இரண்டு எட்டுதான் வைத்தான். விரல்கள் தாமாகத் திறந்துகொண்டன. வலித்ததுகூட அப்புறம்தான். குடம் கல்லில் மோதி, ஒரு பக்கம் நசுங்கி, தண்ணீர் முழுவதும் கொட்டிவிட்டது.

"என்னய்யா சத்தம்?" என்று கங்கம்மாள் உள்ளேயிருந்து கேட்டாள்.

"வழுக்கிருச்சும்மா."

"நல்ல நாளும் அதுவுமா குடத்தைப் போட்டுட்டியே! சரி, விடு. நீ போயி குளி. பத்து மணிக்கெல்லாம் பஸ்ஸு வந்துரும்."

நல்ல நாள்தான். தலைப்பிரசவத்துக்குத் திருச்சுழிக்குப் போன சௌடம்மாள் மூன்று மாதக் குழந்தையோடு இன்று வருகிறாள். பெண் குழந்தை. பிறந்த அன்று திம்மையா போட்ட கார்டு வேங்கடபதியின் சட்டைப் பையிலேயே கிடந்து மடிப்பு கிழிந்துவிட்டது. 'பெண் குழந்தை. எடை ஏழு ராத்தல். தாயும் சேயும் சுகம்.' இந்த மூன்று மாதத்தில் பத்து ராத்தலாவது ஆகியிருப்பாள் என்று அவனாகக் கணக்குப் போட்டு வைத்திருந்தான்.

அந்த வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. முதல் தடவை குழந்தை வீட்டுக்கு வரும்போது வாசற்படியில் அப்பன் நின்று இரண்டு கையாலும் வாங்க வேண்டும். வாங்கி, யார் கையிலும் மாற்றாமல் நடந்துபோய், தறியில் இருக்கிற துணிமேல் கிடத்த வேண்டும். அப்புறம்தான் பெயர் சொல்லிக் கூப்பிடலாம். அதுவரைக்கும் வெறும் பாப்பாதான். வேங்கடபதியை அவன் அப்பன் அப்படித்தான் வாங்கினான். அவன் அப்பனை அவன் அப்பன்.

வேங்கடபதி ஈரக்காலோடு தேகப்பயிற்சிசாலைக்கு ஓடினான்.

நல்லமுத்து வாத்தியார் பழைய பட்டாளத்துக்காரர். நல்ல மனுஷன்தான், அதில் சந்தேகமில்லை. ஆனால் அவருக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றே ஒன்று. வலி வந்தால் பாரத்தைக் கூட்டு, வலி ஓடிவிடும். முதல் வாரம் பத்து ராத்தல் கூட்டினார். அடுத்த வாரம் இன்னும் பத்து. பகல் முழுக்கத் தறியில் கயிற்றை இழுத்து இழுத்து, குறுக்கே ஊடை நூலைக் கொண்டுபோகிற நாடாவை ஓட்டுகிற கை அது. சாயங்காலம் அதே கையில் இரும்பு. ஓய்வு என்பதே கிடையாது. டாக்டர் பார்த்துவிட்டு, "ஆறு வாரம் தறியும் கூடாது, இரும்பும் கூடாது. இல்லேன்னா ஒரு நாள் தம்ளரைக்கூடத் தூக்க மாட்டே" என்று சொன்னார். ஆறு வாரத்துக்கு எங்கே போவது? தேர்வுக்கு இருந்ததே ஐந்து வாரம்தான்.

வலது கையைத் தாங்கித் தாங்கி இடது கையையும் போட்டு உழைத்ததில் இப்போது அதுவும் முனக ஆரம்பித்திருந்தது.

"வாத்தியாரே, இன்னைக்குப் பிள்ளையை வாங்கணும்."

"வாங்கு. சந்தோசமான விசயம்தானே!"

"காலையில குடத்தைப் போட்டுட்டேன்."

வாத்தியார் எண்ணெய்க் கிண்ணத்தைக் கீழே வைத்தார். அவன் முழங்கையைத் தொட்டுப் பார்த்தார். தொட்டதற்கே அவன் பல்லைக் கடித்தான்.

"இறுக்கிக் கட்டிவிடட்டுமா? ஞாயித்துக்கிழமைக்குக் கட்டப்போற மாதிரி?"

"கட்டுனா விரலு மரத்துப்போகுதே வாத்தியாரே. இரும்புக்குன்னா பரவாயில்ல. மரத்த கையில பிள்ளையை எப்படி..."

அவர் அவன் கையை விட்டுவிட்டார். முதல் தடவையாக அவனைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

"பொஞ்சாதிகிட்ட மட்டும் சொல்லேன்டா."

"அவகிட்ட சொன்னா அவுக அப்பாவுக்குத் தெரிஞ்சிரும். அவ பொய் சொல்லத் தெரியாதவ. மாமாவுக்குத் தெரிஞ்சா பொழுது சாயறதுக்குள்ள மில்லு வாசல் வரைக்கும் போயிரும். அவரு வாயில எது நின்னிருக்கு? கையில பழுதுன்னு ஒரு பேச்சு போச்சுன்னா பேரை அடிச்சிருவாங்க."

"அதுவும் சரிதான். நாலு நாளு பல்லைக் கடிச்சுக்கிட்டு இரு."

நாலு நாள் என்று அவர் சுலபமாகச் சொல்லிவிட்டார். வேங்கடபதிக்கு அன்றைக்குப் பத்து மணியைத் தாண்டினால் போதும் என்றிருந்தது.

வீட்டுக்கு வந்து முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டான். முழங்கையில் பச்சிலைப் பற்று காய்ந்து கிடந்தது. அதை மறைக்கத்தான். கங்கம்மாள் பார்த்துவிட்டு, "அடேயப்பா, மகளைப் பாக்க மாப்பிள்ளை கணக்கா நிக்கிறதைப் பாரு!" என்று கன்னத்தை வழித்தாள். அந்த வீட்டில் அவர்கள் பேசுவது கன்னடம். நமக்காக நான் தமிழில் சொல்கிறேன்.

பஸ் பத்து நிமிஷம் தாமதமாகத்தான் வந்தது. தெருமுனையில் திம்மையா முன்னால் வந்தார், கையில் தகரப் பெட்டி. திருச்சுழியில் ஜவுளிக் கடை வைத்திருக்கிறவர், நடையே கடை திறக்கப் போகிற நடையாக இருக்கும். பின்னால் சௌடம்மாள். வெள்ளைத் துணியில் சுற்றிய குழந்தையை மார்போடு அணைத்திருந்தாள். ஐந்து மாதமாயிற்று அவளைப் பார்த்து ஒழுங்காகப் பேசி. கொஞ்சம் இளைத்திருந்தாள். அவனைப் பார்த்ததும் சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

கங்கம்மாள் ஆரத்தி சுற்றினாள். அக்கம்பக்கத்துப் பெண்கள் நாலைந்து பேர் வந்து நின்றார்கள்.

"வாங்குய்யா. உம் மகளை வாங்கு" என்றாள் கங்கம்மாள்.

சௌடம்மாள் குழந்தையை மார்பிலிருந்து பிரித்து நீட்டினாள். துணிக்குள்ளே ஒரு சின்ன முகம். கண்ணுக்கு மை, நெற்றியில் பெரிய பொட்டு. அவன் அப்பாவின் மூக்கு. அது அவனையே பார்த்தது.

வேங்கடபதி இரண்டு கையையும் நீட்டினான். பாதி தூரம்கூடப் போயிருக்காது, வலது முழங்கை சுரீரென்றது. ஆள்காட்டி விரல் நடுங்கியது. அவன் கண் கீழே போயிற்று. வாசற்படிக்குக் கீழே கருங்கல். காலையில் குடம் விழுந்ததும் கருங்கல்தான்.

கையை இழுத்துக்கொண்டான்.

"அம்மா வாங்கட்டும்" என்றான்.

சௌடம்மாளுடைய கை நீட்டினபடியே இருந்தது. அவளுக்கு முதலில் விளங்கவில்லை. விளையாடுகிறான் என்று நினைத்து அவன் முகத்தைப் பார்த்தாள். அவன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றான்.

"என்ன மாப்ளே, வெக்கமா?" என்றார் திம்மையா.

"இல்ல மாமா. அம்மாகிட்ட குடுக்கட்டும்."

"வழக்கம் உங்க வீட்டு வழக்கம். நாங்களா சொன்னோம்? நல்ல நேரம் பாத்து, கூட்டத்துல நின்னுக்கிட்டு வந்திருக்கோம்."

"அம்மா, நீ வாங்கும்மா." அவன் குரல் அவனுக்கே கடுமையாகக் கேட்டது.

கங்கம்மாள் தட்டைக் கீழே வைத்துவிட்டு ஓடிவந்து குழந்தையை வாங்கிக்கொண்டாள். பாவம், அவள் பங்குக்கு ஒரு காரியம் செய்தாள். மருமகள் காதோடு காதாக, ஆனால் நாலு பேருக்குக் கேட்கும்படி, "மனசுல வச்சுக்காதத்தா. ஆம்பளைகளுக்கு மொதப்பிள்ளை பையனா இருக்கணும்னு ஒரு இது. அடுத்தது பையனாப் பொறக்கும், இவனே துள்ளிக் குதிச்சு வாங்குவான்" என்றாள்.

அப்படியில்லை என்று சத்தம் போட வேங்கடபதிக்கு வாய் வந்தது. அப்படியில்லை என்றால் வேறு எப்படி? அடுத்த கேள்வி அதுவாகத்தானே இருக்கும்? வாயை மூடிக்கொண்டான். என்ன சொல்வது அவனை! இப்படியும் ஒரு பிள்ளை, அப்படியும் ஒரு தாய்.

சௌடம்மாள் வலது காலை எடுத்து வைத்து உள்ளே போனாள். கையில் குழந்தை இல்லாமல் போனாள்.

தறியில் துணி விரித்தபடியே இருந்தது. அதன்மேல் காலையில் கங்கம்மாள் வைத்த நாலு செவ்வந்திப் பூவும் இருந்தது. அப்பன் கை இல்லாமல் கிடத்தக் கூடாது. குழந்தையைத் தொட்டிலில் போட்டார்கள்.

சாப்பாடு ஆயிற்று. என்ன சாப்பாடு? பாயசம் அப்படியே இருந்தது. திம்மையா வாசலில் போய் நின்று போகிற வருகிறவர்களை எல்லாம் முறைத்துக்கொண்டிருந்தார். கங்கம்மாள் பாத்திரத்தைத் துலக்கப் பின்பக்கம் போனாள். அப்போதுதான் அவர்கள் இருவரும் தறி அறையில் தனியாக அகப்பட்டார்கள்.

சௌடம்மாள் தறிப் பக்கமாக நின்றுகொண்டு துணியைத் தடவிப் பார்த்தாள். கல்யாணமான நாளிலிருந்து அவனுக்கு ஊடை நூல் சுற்றிக் கொடுத்தவள் அவள். அவன் பலகையால் ஊடையை அடித்து நெருக்கி நெய்த துணியை இருட்டிலும் விரலால் சொல்லிவிடுவாள்.

"இது நீங்க நெய்ஞ்சதா?"

"ஆமா."

"ஊடை நெருங்கவே இல்லையே. அங்கங்க லொடலொடன்னு கிடக்கு. உங்க அடி இப்படி இருக்காதே."

கண்டுபிடித்துவிட்டாள் என்று வேங்கடபதி பயந்தான். கண்டுபிடித்துவிடட்டும் என்றும் இருந்தது. அவளாகக் கண்டுபிடித்தால் அவன் சொன்னதாகாது அல்லவா?

அவள் தலையை ஆட்டிக்கொண்டாள். "மனசு இருந்தாத்தானே அடி விழும். எனக்கு இப்பத்தான் எல்லாம் கூடி வருது. நான் அங்க போன புதுசுல வாரம் ஒரு லெட்டர் போட்டீக. பக்கம் பக்கமா எழுதினீக. பொண்ணு பொறந்துச்சு, கொஞ்ச நாள்ல லெட்டர் நின்னுபோச்சு. ஒரு கார்டு வந்துச்சு, 'சுகம்'னு ஒரே வார்த்தை. எழுத்துகூடக் கிறுக்கலா இருந்துச்சு. வேலை அதிகமா இருக்கும்னு எங்க அம்மாகிட்ட நானே சமாதானம் சொன்னேன்."

"சௌடம்மா, அது அப்படி இல்ல."

"பின்ன எப்படி? பொண்ணுன்னு பிடிக்கலையா?"

"சத்தியமா இல்ல."

"அப்ப எதுக்குக் கையைப் பின்னாடி கட்டுனீக? அத்தனை பேரு முன்னாடி நீட்டிக்கிட்டே நின்னேனே. எனக்கு அப்படியே அந்தக் கல்லுக்குள்ள போயிரலாம்னு இருந்துச்சு."

வலது கையை முன்னால் கொண்டுவந்தான். சட்டைக் கையின் பித்தானில் இடது விரல் போயிற்று. கழற்றி, மடித்து, பற்றைக் காட்டினால் போதும். அரை நிமிஷ வேலை.

வாசலில் திம்மையா இருமினார்.

இவள் அழுவாள். அழுதுகொண்டே ஓடுவாள். 'அப்பா, அவுகளுக்குப் பொண்ணு பிடிக்காம இல்ல, கையிலதான் கோளாறு' என்று அவன் மானத்தைக் காப்பாற்றுவாள். திம்மையா நாலு மணிக்குத் திருச்சுழி போவார். ஐந்து மணிக்குத் தம்பி வீடு. அப்புறம் மில். இந்தப் பிள்ளைக்காகத்தானே அந்த வேலை? தொட்டிலில் கிடக்கிறாளே, அவளுக்காகத்தானே?

பித்தானை மறுபடியும் போட்டான்.

"ஞாயித்துக்கிழமை கழிச்சுச் சொல்றேன்" என்றான்.

"என்னத்தைச் சொல்லப் போறீக?"

"இப்ப கேக்காத. ஞாயித்துக்கிழமை கழிச்சுச் சொல்றேன்."

அவள் முகம் வெளுத்துப்போயிற்று. நாள் குறித்துச் சொல்கிற சேதி என்றால் அது நல்ல சேதியாகவா இருக்கும்? அவள் என்ன நினைத்தாளோ, தாலியை ஒரு தடவை தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

"ஞாயித்துக்கிழமை வரைக்கும் நான் எதுக்கு இங்க காத்துக்கிட்டுக் கிடக்கணும்?" என்றாள். "அப்பா!"

திம்மையா அந்த ஒரு குரலுக்காகவே வாசலில் நின்றவர் மாதிரி உள்ளே வந்தார். மகள் முகத்தைப் பார்த்தார். தகரப் பெட்டியை எடுத்துக்கொண்டார்.

கங்கம்மாள் சாம்பல் கையோடு ஓடிவந்து மறித்தாள். "அண்ணே, புள்ளையை இன்னும் தறியில கிடத்தலைண்ணே. இப்படியே எடுத்துட்டுப் போகக் கூடாது."

"கிடத்த வேண்டியவர் கையைக் கட்டிக்கிட்டு நிக்கிறாரே தங்கச்சி. நான் என்ன செய்ய?"

அவர்கள் போனார்கள். தெருவில் தறி ஓடுகிற ஒவ்வொரு வீட்டிலும் சத்தம் ஓய்ந்து, அவர்கள் தாண்டிப் போனபிறகு மறுபடியும் ஆரம்பித்தது. வேங்கடபதி உள்ளே நின்றபடி அதை வைத்தே அவர்கள் எந்த வீடு தாண்டுகிறார்கள் என்று கேட்டுக்கொண்டிருந்தான்.

நான் செய்தது சரியா? அவனுக்குள் அது ஒன்றுதான் ஓடிக்கொண்டிருந்தது. ஒருவேளை தூக்கியிருக்கலாமோ? பத்து ராத்தல்தானே. வாசலிலிருந்து தறிக்குப் பன்னிரண்டு எட்டுதானே. பயந்து போய்ப் பெண்டாட்டி மனசை உடைத்துவிட்டேனோ?

மூலையில் நூல் கட்டு ஒன்று இருந்தது. கடையிலிருந்து வந்தபடி பிரிக்காமல் இருந்தது. நூல் கட்டு எப்போதும் பத்து ராத்தல். தாளில் சுற்றி, கயிறு கட்டி, மூன்று மாதக் குழந்தை அளவுக்குத்தான் இருக்கும்.

அதை எடுத்துக்கொண்டு வாசற்படிக்குப் போனான். குழந்தையை வாங்குகிற மாதிரியே ஒரு கை தலைக்கு, ஒரு கை இடுப்புக்குக் கொடுத்துத் தூக்கினான். நடந்தான். ஒன்று, இரண்டு, மூன்று. பரவாயில்லையே என்று இருந்தது. நாலு, ஐந்து. முழங்கைக்குள் யாரோ ஊசியை ஏற்றினார்கள். ஆறாவது எட்டில் வலது கை விரல்கள் பிரிந்தன. இடது கையால் தாங்கப் பார்த்தான். அதுவும் கேட்கவில்லை.

கட்டு தரையில் விழுந்து தாள் கிழிந்தது. தலைக்குக் கை கொடுத்த பக்கம்தான் முதலில் விழுந்தது.

வேங்கடபதி அப்படியே உட்கார்ந்துவிட்டான். செய்தது சரி என்று தெரிந்துவிட்டது. அதில் ஒரு நிம்மதியும் இல்லை.

"ஐயா..."

கங்கம்மாள் கதவோரமாக நின்றுகொண்டிருந்தாள். எத்தனை நேரமாக நின்றாளோ. வந்து பித்தானைக் கழற்றி அவன் சட்டைக் கையை மேலே தள்ளினாள். காய்ந்த பற்று, அதற்குக் கீழே வீக்கம். அவளுக்குக் காலையில் உருண்ட குடம் ஞாபகம் வந்தது. தளும்பின காப்பி ஞாபகம் வந்தது. பெற்றவள் அல்லவா, எல்லாம் வரிசையாக வந்தது.

"எத்தனை நாளா இப்படி?"

"ரெண்டு மாசம்."

"அட பாவி மகனே! நான் அவகிட்ட அடுத்தது பையன்னு சொல்லித் தொலைச்சேனே! எந்த வாயால சொன்னேன்!" தன் வாயிலேயே அடித்துக்கொண்டாள். "வா, ஓடிப்போயி சொல்லுவோம்."

"ஞாயித்துக்கிழமை வரைக்கும் மூச்சு விடக் கூடாதும்மா. எம்மேல சத்தியம் பண்ணு."

"பொண்டாட்டி போறாடா!"

"வேலை கெடைச்சா போயி காலுல விழுந்து கூட்டியாந்துருவேன். வேலையும் போயி, கையும் போச்சுன்னா எதை வச்சுக் கூட்டியாருவேன்?"

கங்கம்மாளின் கண் தொட்டிலுக்குப் போயிற்று. தொட்டிலுக்குள் வெள்ளிப் பாலாடை ஒன்று கிடந்தது. தனக்குப் பால் போதவில்லை, பசும்பால் புகட்டுகிறேன் என்று சௌடம்மாள் காலையில்தான் சொல்லியிருந்தாள்.

"இதை விட்டுட்டுப் போயிட்டாளே. புள்ளை சாயங்காலம் எதுல குடிக்கும்?"

வேங்கடபதி அதைப் பிடுங்கிக்கொண்டு ஓடினான்.

பஸ் ஸ்டாண்டில் திருச்சுழி பஸ் உறுமிக்கொண்டு நின்றது. கண்டக்டர் விசிலை வாயில் வைத்தாயிற்று. நடுவில் ஒரு ஜன்னலோரம் சௌடம்மாள், மடியில் குழந்தை. பக்கத்தில் திம்மையா.

அவன் ஓடி வருவதைக் கண்டதும் அவள் முகம் ஒரு கணம் மலர்ந்தது. அதை அவன் பார்த்தான். சாகும்வரைக்கும் அது அவனுக்கு மறக்காது.

"பாலாடை" என்றான் மூச்சிரைக்க.

மலர்ந்த முகம் வாடிவிட்டது. "இதுக்குத்தான் வந்தீகளா?"

அவன் அவசரத்தில் வலது கையாலேயே நீட்டிவிட்டான். ஜன்னல் உயரம். கை மேலே போனதும் சட்டைக் கை சரிந்து முழங்கை வரைக்கும் இறங்கிற்று. பாலாடை என்ன கனம் இருக்கும்? ஒரு வெற்றிலைக் கட்டுக் கனம்கூட இருக்காது. அது அவன் விரல்களுக்கு நடுவில் கிடுகிடுவென்று ஆடியது.

சௌடம்மாள் அதை வாங்கவில்லை. அவன் முழங்கையைப் பார்த்தாள். பச்சிலை வாடை அவளுக்கு அடித்திருக்க வேண்டும்.

"கையில என்ன?" என்றாள்.

அவன் பாலாடையை இன்னும் கொஞ்சம் நீட்டினான்.

"கையில என்னங்க? ஏன் ஆடுது?"

திம்மையா திரும்பிப் பார்த்தார். அவர் காது இரண்டும் ஜன்னலில்தான் இருந்தன.

கடவுள் இதற்கு மேல் என்ன செய்வார்? அவளே கேட்டுவிட்டாள். ஒரே வார்த்தை, 'வலி' என்று சொன்னால் அவள் குழந்தையோடு கீழே குதித்துவிடுவாள்.

"ஒண்ணுமில்ல" என்றான் வேங்கடபதி. கையைக் கீழே இறக்கிச் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, பாலாடையை இடது கைக்கு மாற்றி நீட்டினான். "ஓடியாந்தேன்ல, அதான்."

திம்மையா சிரித்தார். பஸ்ஸில் இருக்கிற எல்லோருக்கும் புரியட்டும் என்று தமிழுக்கு மாறிவிட்டார்.

"அவருக்கு என்னம்மா? இரும்புக் கை! மாப்ளே, ஞாயித்துக்கிழமை நானும் மதுரைக்கு வாரேன். எம் மகளையும் பேத்தியையும் கூட்டிக்கிட்டே வாரேன். பெத்த பிள்ளையைத் தூக்காத கை அங்க என்னத்தைத் தூக்குதுன்னு நாங்களும் முன்வரிசையில உக்காந்து பாக்கணும்ல?"

வேங்கடபதிக்கு அப்போதுதான் விளங்கியது. ஞாயிற்றுக்கிழமை அவன் இரும்பைத் தூக்காவிட்டால் வேலை இல்லை. தூக்கிவிட்டால், கையில் வலி என்று இந்த ஜன்மத்தில் அவள் நம்பப்போவதில்லை.

கண்டக்டர் விசில் அடித்தார்.

சௌடம்மாள் பாலாடையை வாங்கிக்கொண்டாள். அவள் தமிழுக்கு மாறவில்லை. குனிந்து, அவனுக்கு மட்டும் கேட்கிற மாதிரி, வீட்டுப் பேச்சிலேயே கேட்டாள்.

"ஒண்ணுமில்லாத கையாலதான் எம் பிள்ளையை வாங்க மாட்டேன்னீகளா?"

பஸ் நகர்ந்தது. அவன் கூடவே நாலு எட்டு ஓடினான். ஜன்னலில் குழந்தையின் சின்னக் கை ஒன்று துணியை விட்டு வெளியே வந்து காற்றில் ஆடியது. சௌடம்மாள் அதை எடுத்து உள்ளே வைத்து மூடிக்கொண்டாள்.